திறப்பு விழா காணாத கடை

எஸ்தர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டார். பேனா ஸ்டாண்டு சாய்ந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே போனது, நான் பாதி எழுதிவைத்திருந்த கோப்பு மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ரேஷன் அரிசி, இருபது கிலோ. ஈரச் சாக்கும் பழைய அரிசியும் சேர்ந்த வாடை அறை முழுக்கப் பரவியது.

"தூக்கிப் பாருங்க மேடம்."

"எதுக்கும்மா?"

"தூக்கி தலைல வெச்சிக்கினு ஹைவேயைத் தாண்டிப் பாருங்க. அப்புறமா தூரம் கம்மின்னு எழுதுங்க."

நான் அந்த நாற்காலிக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வட்ட வழங்கல் அலுவலர் என்பது பதவியின் பெயர். ஒரு வட்டத்தில் இருக்கிற ரேஷன் கார்டு, ரேஷன் கடை அத்தனைக்கும் திட்டு வாங்குகிற ஆள் என்று புரிந்துகொண்டால் போதும். ஆம்பூர்ப் பக்கம்தான். எந்த வட்டம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்களாவது நிம்மதியாக ஓய்வு பெறட்டும்.

வராந்தாவிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. புது மேடம் கத்துவார், நல்ல வேடிக்கை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கோபமாக வருகிறவர்களைக் கண்டு எனக்கு எப்போதும் பயம் கிடையாது. சிரித்துக்கொண்டே ஸ்வீட் பாக்ஸோடு வருகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

"முதல்ல மூட்டையை இறக்கி வைம்மா. மேஜை அரசாங்கத்துது, உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும். அப்புறம் அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தார். முப்பதை ஒட்டிய வயது. ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவர். விரல் நுனிகளில் பசை காய்ந்து காய்ந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்க்க அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார், அந்த எரிச்சலும் முகத்தில் இருந்தது.

அவர் ஊர் கல்லுமேடு. நான்கு வழிச் சாலைக்கு இந்தப் பக்கம் கல்லுமேடு, அந்தப் பக்கம் ரேஷன் கடை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறக்கிற பகுதி நேரக் கடை ஒன்று ஊருக்குள்ளேயே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவ்வளவுதான் விஷயம். வந்த பதில்கள் எல்லாம் ஒரே பதில்: தூரம் குறைவு, எனவே கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

மனு இறங்கும் படிக்கட்டு

எஸ்தர் சும்மா இருக்கவில்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தார். சென்னைக்கு எழுதினார். தொகுதிக்காரரிடம், அதாவது எம்.எல்.ஏ.விடம் கொடுத்தார். டெல்லிக்கும் ஒன்று தட்டிவிட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இதைவிடப் பெரிய இடம் எது என்று தேடித் தேடி அனுப்பியிருக்கிறார்.

மாடியில் எந்த மூலையில் தண்ணீரைக் கொட்டினாலும் அது வாசல் சாக்கடைக்குத்தான் வந்து சேரும். மனுவும் அப்படித்தான். டெல்லி அதைச் சென்னைக்கு அனுப்பும், சென்னை மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டத்துக்கு. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு முத்திரையும் 'தக்க நடவடிக்கைக்காக' என்று ஒரு வரியும் சேரும். கடைசியில் அந்த நடவடிக்கையை எடுக்க வேண்டியவர் என் நாற்காலியில் இருப்பவர். இங்கே எழுதுகிற பதில் அதே படிக்கட்டில் மறுபடி ஏறி, போகிற வழியெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெரிய ஆபீஸின் தாளில் மனுதாரர் வீட்டுக்குப் போகும்.

"கலெக்டரே முடியாதுன்னுட்டாரு மேடம்" என்றார் எஸ்தர்.

"கலெக்டர் சொல்லலைம்மா. இந்தச் சேர்ல எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாரு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு தனக்கு வந்த பதில்களைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி இத்தனை நாளாக ஒரே ஆள்தான் என்று அவருக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்ப நான் டெல்லிக்குப் போட்டது?"

"அதுவும் இங்கதான் வந்துச்சு."

"இன்னா மேடம் இது. நேரா இங்கயே வந்திருப்பேனே."

அதைத்தான் நானும் என் சர்வீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் மக்களுக்குக் கோபுர உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுத்தான் பழக்கம், கர்ப்பகிரகம் தரைமட்டத்தில் இருப்பது மறந்துவிடும்.

அவுட்டரில் நிற்கும் வண்டி

கொஞ்சம் விலகிப் போகிறேன். போன அத்தியாயத்தில் என் கணவரின் சமையலைப் பற்றி இப்படி விலகிப் போய் எழுதியதில் வீட்டில் இரண்டு நாள் காபி கிடைக்கவில்லை. இந்த முறை அப்பாவைப் பற்றி. அவர் இப்போது இல்லை, கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்பா ஜோலார்பேட்டையில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பாதைக்கும் அந்தப் பாதைக்கும் மாற்றிவிடுகிற வேலை. பாதை காலி, வண்டி போகலாம் என்பதற்கு ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்பார்கள், எங்கள் வீட்டில் அது தினசரிச் சொல். அம்மா கடைக்குக் கிளம்பினால்கூட "லைன் கிளியரா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் வண்டி நின்றுவிட்டால், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஜனங்கள் அப்பாவைத் திட்டுவார்கள். ரயிலை நிறுத்தியதே அவர்தான் என்பதுபோலத் திட்டுவார்கள்.

அப்பா பதிலுக்குத் திட்டியதில்லை. "உன் வண்டி நிக்குதுன்னா இன்னொரு வண்டி உயிரோட போய்ட்டிருக்குதுன்னு அர்த்தம்யா" என்பார். யாருக்கும் அது சமாதானமாக இருந்ததில்லை.

அரசு ஆபீஸ் மெதுவாக நகர்கிறது என்று எழுதாத பத்திரிகை கிடையாது. எழுதட்டும், பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். ராஜா காலத்தில் ஒரே ஆள் 'சரி' என்றால் காரியம் நடந்துவிடும். அதே ஆள் மறுநாள் 'இவன் நிலத்தைப் பிடுங்கு' என்றாலும் அதே வேகத்தில் நடந்துவிடும். ஓட்டுப் போட்டு நடத்துகிற ராஜ்யத்தில் ஒவ்வொரு மேஜையும் 'ஏன்' என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த 'ஏன்' என்ற கேள்விதான் நம்மை அவுட்டரில் நிறுத்துகிறது. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. ஆனால் லைன் கிளியர் கிடைத்த பிறகும் வண்டியை எடுக்காமல் டீ குடிக்கப் போகிறவனை எனக்குப் பிடிக்காது. இந்தக் கதையில் அவனும் வருவான்.

அரளிச் செடிகளுக்கு நடுவே

பகுதி நேரக் கடைக்கு விதி இரண்டு விஷயம் கேட்கிறது: போதுமான கார்டு, போதுமான தூரம். கல்லுமேட்டில் கார்டு போதுமான அளவு இருந்தது. தூரத்தில்தான் சிக்கல். எனக்கு முன்னால் இருந்தவர் கிராம வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார். வரைபடத்தில் நெடுஞ்சாலை என்பது இரண்டு கோடு. ஸ்கேலுக்கு அதைத் தாண்டுவது சுலபம்.

எஸ்தர் வந்துபோன வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஜீப்பில் கிளம்பினேன். ஓட்டுநர் பாஷா பாய். அந்தப் பக்கத்து ரோடெல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்வீஸ் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பாருங்க மேடம், இன்னிக்கு அரிசி நாள்" என்றார்.

மாதத்தில் ஒரு நாள் கல்லுமேட்டுப் பெண்கள் சேர்ந்து பர்மிஷன் போட்டுவிட்டு வந்து அரிசி வாங்குவார்கள். கடை மூடுகிற நேரமும் கம்பெனி விடுகிற நேரமும் ஒன்றாக இருப்பதால் வேறு வழியில்லை. அந்த நாள்தான் அது.

சாலை நடுவே டிவைடர், அதில் வரிசையாக அரளிச் செடி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் செடி இல்லை. கிளைகள் ஒடிந்து, மண் மிதிபட்டு, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்தப் பக்கத்துச் சாலை ஓரத்தில் சில பெண்கள், டிவைடர் இடைவெளியில் இரண்டு பேர், இந்தப் பக்கத்து ஓரத்தில் சிலர். எஸ்தர் இந்தப் பக்கம், கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில். சர்ச் விளையாட்டு விழாவுக்கு வாங்கியது என்று பிறகு சொன்னார்.

லாரிகள் கடந்து கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் எஸ்தர் விசில் ஊதினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி மூட்டையோடு ஓடிவந்து டிவைடரில் நிற்பவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். மறுபடி காத்திருப்பு, மறுபடி விசில். டிவைடரில் இருந்தவள் இந்தப் பக்கம் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கம்பெனியில் ஷூ ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு லைனில் நகர்வது மாதிரி, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையின் குறுக்கே அரிசி நகர்ந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்து வருகிற ஒழுங்கு இல்லை அது. அவர்கள் பகல் முழுக்கச் செய்கிற வேலையையே அங்கேயும் செய்தார்கள்.

ஒரு டேங்கர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனபோது டிவைடரில் இருந்தவளின் முந்தானை அதன் காற்றில் மேலே எழும்பி இறங்கியது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"சப்வே வழியா வரக்கூடாதா?" என்று எஸ்தரிடம் கேட்டேன். குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"வாங்க காட்டுறேன்."

அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். சப்வே பெட்ரோல் பங்கையும் தாண்டி, அடுத்த ஊர் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாஷா பாய் மீட்டரைப் பார்த்துத் தூரத்தை என்னிடம் சொன்னார். விதி கேட்கிற தூரத்தைத் தாராளமாகத் தாண்டியிருந்தது.

திரும்பும்போது எஸ்தர் அந்த அரளி இடைவெளியைக் காட்டி, "எங்கம்மா அங்கதான் விழுந்தாங்க" என்றார். இடுப்பு எலும்பு முறிந்து இன்னும் கட்டிலில்தான். "எலும்போட போச்சு. அடுத்து எவ உசுரோ. அது என் விசிலுக்கு நடந்துடுமோன்னுதான் தெனமும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல மேடம்."

அந்தப் பெண்களின் உயிரைக் காக்கிற வேலையை ஒரு பிளாஸ்டிக் விசிலிடம் விட்டுவிட்டு நாங்கள் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தோம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அறிக்கையை எழுதினேன். மனிதர்கள் நடந்துபோகக்கூடிய பாதையின் தூரம் இது என்று எழுதினேன். நேர்க்கோட்டில் போவதற்குக் கல்லுமேட்டில் காக்கைகளுக்கு ரேஷன் கார்டு வழங்கப்படவில்லை என்றும் எழுதி, பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே இருப்பவர்களுக்கு நகைச்சுவை பிடிக்காது.

ஊர் கூடி இழுக்கிற தேர்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர் ரேஷன் கடை திறந்து பார்த்ததில்லை. கார்டு எங்கள் துறை. கடையை நடத்துவது கூட்டுறவுத் துறை. அரிசி வருவது வேறொரு கிடங்கிலிருந்து. அறை கொடுக்க வேண்டியது பஞ்சாயத்து. இதில் யார் வேண்டுமானாலும் 'முடியாது' என்று சொல்லலாம். யாரும் தனியாக 'முடியும்' என்று சொல்ல முடியாது.

எஸ்தர் வாரம் ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். பின்னால் நூறு டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்கும்.

"இன்னா ஆச்சு மேடம்?"

"கூட்டுறவுல இருக்கு."

"போன வாரமும் அங்கதான இருந்துச்சு."

"போன வாரம் கேள்வி கேட்டாங்க. இந்த வாரம் என் பதிலைப் படிக்கிறாங்க."

கேட்ட கேள்விகளில் ஒன்று, எடைபோடுகிற தராசு கார்டுதாரர் கண்ணுக்குத் தெரியுமா என்பது. இன்னும் பெயர்ப் பலகையே இல்லாத கடைக்குத் தராசைப் பற்றி இப்போது என்ன அவசரம் என்று நான் வாய்விட்டே திட்டினேன். பிறகு போய்ப் பார்த்தேன். பஞ்சாயத்து ஒதுக்கியிருந்தது பழைய டிவி அறை. ஊருக்கே ஒரு டிவி இருந்த காலத்தில் கட்டியது. அதன் ஜன்னல் தலைமட்டத்துக்கு மேலே இருந்தது, வெளியே நிற்பவருக்குத் தராசு தெரியவே தெரியாது. ஜன்னலை உடைத்து இடுப்பளவுக்கு இறக்கினோம். யாரோ முகம் தெரியாத ஒரு கிளார்க் கேட்ட 'ஏன்' அது. அவருக்கு இந்த இடத்தில் என் வணக்கம்.

உத்தரவு வந்தது. அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். லைன் கிளியர் கிடைத்துவிட்டது.

அண்ணன் தேதி

இங்கேதான் டீ குடிக்கப் போகிறவன் வருகிறான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நிழற்குடையோ கழிப்பறையோ எதுவானாலும் ரிப்பன் வெட்டாமல் திறக்காது. விதி எதிலும் அப்படிக் கிடையாது. விதியில் இல்லாததால்தான் அதை மீற ஒருவருக்கும் தைரியம் வராது.

தொகுதிக்காரரின் உதவியாளர் போனில் கூப்பிட்டார். "மேடம், அண்ணன் தேதி குடுப்பாரு. அதுக்கு முன்னாடி ஒரு அரிசி வெளிய வரக்கூடாது."

"எப்ப குடுப்பாரு?"

"மார்கழி பொறந்துடுச்சே மேடம். தை வரட்டும்."

தை வந்தது. தையில் அண்ணனுக்குக் கல்யாண வீடுகள் ஜாஸ்தி. மஞ்சள் அறை பூட்டிக் கிடந்தது, வாசலில் ஆடு படுத்திருந்தது. கல்லுமேட்டுப் பெண்கள் புதுக் கடையைத் தாண்டி நடந்துபோய், பழைய கடையில் அரிசி வாங்கி, அரளி இடைவெளி வழியாகக் கொண்டுவந்தார்கள்.

தொகுதிக்காரரைக் குறை சொல்வது சுலபம். நான் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஓட்டுக் கேட்டு வெயிலில் வீதி வீதியாக நடப்பவர் அவர். நான் பரீட்சை எழுதி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தவள். செய்ததைச் செய்தேன் என்று ஜனங்கள் முன்னால் நின்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்காக டிவைடரில் ஒருத்தி காத்து நிற்கக்கூடாது.

அதற்குள் தேர்தல் பேச்சு எழுந்தது. தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும். புதிதாக எதையும் தொடங்க முடியாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது நடக்கலாம். நியாயமான விதிதான், அரசாங்கக் காசில் ஓட்டு வாங்கக்கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் அது வந்தால் மஞ்சள் அறை கோடை முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும்.

எஸ்தர் மறுபடி வந்தார். இந்த முறை மூட்டை இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நேத்து ஒரு லாரியோட கண்ணாடி டிவைடர்ல நின்ன சாந்தி கையை ஒரசிக்கினு போய்டுச்சு மேடம். தோல் போச்சு, கை இருக்குது" என்றார். "எலெக்சன் முடிஞ்சி அண்ணன் தேதி குடுக்கட்டும். அதுவரைக்கும் நாங்க எல்லாரும் இருக்கணும்ல."

சோதனை ஓட்டம்

அன்று மதியம் பழைய கடையின் விற்பனையாளர் குமரேசன் வேறு வேலையாக ஆபீஸுக்கு வந்திருந்தார். புதுக் கடையையும் அவர்தான் கவனிக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு புலம்பலை வைத்தார்.

"கல்லுமேட்டுல மிஷினுக்கு சிக்னல் கிடைக்குமான்னு தெரியல மேடம். தொறந்தப்புறம் மிஷின் சுத்திக்கினே இருந்தா என்னைத்தான் உதைப்பாங்க."

மிஷின் என்று அவர் சொன்னது, கார்டுதாரரின் விரல் ரேகையை வைத்துப் பில் போடுகிற கைக்கருவி. எனக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சிக்னல் வருமான்னு பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பாக்காம எப்படிக் கடையைத் திறக்கறது? சோதனை பண்ணணும்ல?"

"பண்ணணும் மேடம்."

"எதை வெச்சு?"

அவர் யோசித்தார். "கார்டு வெச்சு. கைரேகை வெச்சு." பிறகு மெதுவாக, "பில் வந்தா அரிசி போட்டாகணும் மேடம், இல்லாட்டி ஸ்டாக் கணக்கு உதைக்கும்" என்றார்.

"அப்ப அரிசியும் வெச்சு" என்றேன்.

அன்றே உத்தரவு தயார் செய்தேன். புதிய இடத்தில் கருவி முறையாகச் செயல்படுகிறதா என்று கண்டறிய, அட்டைதாரர்களைக் கொண்டு வரும் ஞாயிறு முதல் சோதனை ஓட்டம் நடத்தி அறிக்கை அளிக்க வேண்டும். 'முதல்' என்று போட்டேன். 'வரை' என்று எதுவும் போடவில்லை. நகல்களை மாவட்ட அலுவலருக்கும் கூட்டுறவுக்கும் பஞ்சாயத்துக்கும் முறைப்படி அனுப்பினேன். ஒளித்துச் செய்கிற வேலை எனக்கு ஆகாது. ஒளித்தால்தான் மாட்டுவோம்.

மாவட்ட அலுவலர் போனில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் மோப்பம் பிடிப்பவர்.

"சோதனைக்கு நாலு கார்டு போதாதா? ஊர்ல இருக்கிற எல்லாக் கார்டுமா?"

"எல்லாருமே தோல் வேலை, ஷூ வேலை பாக்கறவங்க சார். பசையிலயும் கெமிக்கல்லயும் ரேகை தேய்ஞ்சிருக்கு. ஒருத்தர் விரல் எடுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் விரல் எடுக்காது. எல்லாத்தையும் பாத்தாத்தான் தெரியும்."

அது பொய் இல்லை. அந்தப் பக்கத்தில் கைரேகை எடுக்காமல் அரிசி இல்லாமல் திரும்புகிற ஆட்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"அறிக்கை அனுப்புங்க" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. சிரித்திருந்தாலும் அது கோப்பில் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் முடிந்து வந்தவர்களும் மாரியம்மன் கோவில் பக்கமிருந்து வந்தவர்களுமாக மஞ்சள் அறை முன்னால் கூட்டம். ரிப்பன் இல்லை, மைக் இல்லை. பந்தல் போட வந்த ஆளைப் பாஷா பாய் திருப்பி அனுப்பினார். "இது விழா இல்லப்பா, மிஷின் டெஸ்ட்டு. போ, பேஜார் பண்ணாத."

முதலில் எஸ்தரின் கார்டு. கட்டை விரலை வைத்தார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் எடுக்கவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, நானும்தான். மோதிர விரலுக்கு மிஷின் 'கீங்' என்றது. குமரேசன் தராசில் அரிசியைக் கொட்டினார். தாழ்ந்த ஜன்னல் வழியாக எண் எல்லோருக்கும் தெரிந்தது.

மூட்டை வெளியே வந்ததும் பழக்க தோஷத்தில் எஸ்தர் விசிலை ஊதிவிட்டார். ஊதியதும் பெண்களும் பழக்க தோஷத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள், அவள் அடுத்தவளிடம். தெரு முனை வரைக்கும் மூட்டை கை மாறிப் போனது. வழியில் ஒரு லாரியும் இல்லை. ஒரு கோழி குறுக்கே போனது, அவ்வளவுதான். யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அறிக்கை

சில நாளில் தேர்தல் அறிவித்தார்கள். பறக்கும் படையில் ஒருவர் மஞ்சள் அறையைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார், இது புதிதா என்று. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது என்று உத்தரவைக் காட்டினேன். படித்துவிட்டு, எழுதிக்கொண்டு போனார்.

உதவியாளர் கூப்பிட்டார். "மேடம், அண்ணன் ரொம்ப கோவமா இருக்காரு. கேக்காம தொறந்துட்டீங்களே."

"நாங்க இன்னும் திறக்கவேயில்லையே சார். அண்ணன் எப்ப வேணா வந்து திறக்கலாம்னு சொல்லுங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். தேர்தல் முடிந்தது, வேறு விழாக்கள் வந்தன. நடந்துகொண்டிருக்கிற கடைக்கு ரிப்பன் வெட்ட யாருக்கும் ஆர்வம் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த நாற்காலிக்கு வந்த பெண் ஒருநாள் கூப்பிட்டார். "மேடம், கல்லுமேட்டுக் கடை சோதனை ஓட்டம் எப்ப முடியும்னு தணிக்கைல கேக்குறாங்க. என்ன எழுதட்டும்?"

"வெற்றிகரமாக நடைபெற்று வருகிறதுன்னு எழுதும்மா" என்றேன்.

சமீபத்தில் காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்லுமேடு தாண்டும்போது ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்து டிவைடரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த இடைவெளியைத் தேடினேன். வரிசையாக அரளி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, பூத்து நின்றது. எந்த இடம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.